ஜாய்ஸின் கொல்லையில் வில்லாளி

ஊர் மன்றக் கூட்டத்தில் ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கினார்கள். அத்தோடு பென்சில்வேனியாவின் ஆல்டர் ரன் ஊரில் மான்களைக் குறைப்பது என்று முடிவாகிவிட்டது. துப்பாக்கி கிடையாது, வில் மட்டும். அதுவும் தேர்வு வைத்துப் பொறுக்கிய வில்லாளிகள் மட்டும். தங்கள் கொல்லையில் இடம் தர விரும்புகிறவர்கள் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடலாம் என்று தலைவர் அறிவித்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் ஊளையிட்டார்கள்.

கைதட்டியவர்களில் ஒருவர்கூட அடுத்த மூன்று வாரம் அலுவலகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

துலிப் செடிகளை மான்கள் மொட்டோடு தின்றுவிட்டன என்று இரண்டு வருஷமாக மன்றத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பல் டாக்டர், தன் வீட்டில் நாய் இருப்பதால் முடியாது என்றார். மான் உண்ணி கடித்துக் காய்ச்சல் கண்டு ஒரு கோடை முழுக்கப் படுத்திருந்த வங்கிக்காரர், மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றார். மான் குறைய வேண்டும் என்பதில் அவர்களுக்கெல்லாம் சந்தேகமே இல்லை. அடுத்தவன் கொல்லையில் குறைந்தால் போதும்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை ஜாய்ஸ் ஹூடாக் போனாள்.

"மிசஸ் ஹூடாக், நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் அலுவலகப் பெண். "பேரை மறைச்சு வைக்க முடியாது. யாராவது கேட்டா காட்டித்தான் ஆகணும்."

"காட்டுங்க. முதல்ல வேற பேனா குடுங்க, இது எழுத மாட்டேங்குது."

ஜாய்ஸுக்கு அறுபத்தாறு வயது. இருபத்தாறு வருஷம் ஆல்டர் ரன்னின் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள முக்கால்வாசிப் பேரை ஒரு காலத்தில் "உக்காரு, இல்லன்னா இறக்கி விட்ருவேன்" என்று அதட்டியிருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லை நீளமானது. பின்னால் சரிந்து ஓடைப்பள்ளத்துக் காட்டில் போய் முடியும். அந்தத் தெருவில் வில்லாளி உட்காரும் அளவுக்கு ஆழமான மனை அவளுடையது ஒன்றுதான்.

அவள் ஏன் கையெழுத்துப் போட்டாள் என்று ஊர் பலவிதமாகப் பேசிற்று. விஷயம் இதுதான். இருபத்தாறு வருஷத்தில் அவள் பேருந்தில் ஏழு மான்கள் அடிபட்டிருந்தன. ஆறை அவள் மறந்துவிட்டாள். ஏழாவது, ஓய்வு பெறுவதற்கு முந்தைய அக்டோபரில், மில் ரோடு வளைவில் நடந்தது. வண்டியில் முப்பத்தொரு பிள்ளைகள். பெண்மான் ஒன்று மதிலைத் தாண்டி நேரே விளக்குக்கு முன்னால் வந்து விழுந்தது. சாகவில்லை. முதுகெலும்பு போய்விட்டது. முன்னங்கால்கள் மட்டும் எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டே இருந்தன. போலீஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதார்கள். ஜாய்ஸ் கீழே இறங்கி, தன் கோட்டைக் கழற்றி அதன் கண்களை மூடி, தார்ச்சாலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிஷமும் அதன் மூச்சு கோட்டைத் தாண்டி அவள் கையில் சுட்டது. போலீஸ்காரர் வந்து துப்பாக்கியை எடுத்ததும் பேருந்தில் ஏறி, "எல்லாரும் தலையைக் குனிஞ்சு காதைப் பொத்திக்கோங்க" என்றாள்.

மறுநாள் பேருந்துக்குப் புது பம்பர் வந்தது. ஊரில் ஒரு ஆள்கூட அந்த மானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாலைப் பணியாளர்களின் மேஸ்திரியிடம் அவளே போய், வருஷத்துக்கு எத்தனை செத்த மான் தூக்குகிறீர்கள் என்று விசாரித்தாள். போன வருஷம் நூற்றுப் பன்னிரண்டு என்றார் அவர். ஜனங்கள் காபி குடிக்க எழுந்திருப்பதற்குள் தூக்கிவிடுவோம், பார்த்தால் சங்கடப்படுவார்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து புருஷனிடம் சொன்னாள். எமில் குறுக்கெழுத்துக் கட்டங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

"போடுன்னுதான் சொல்லிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"கேக்கறதுன்னு ஒரு மரியாதை இருக்குல்ல" என்றான் எமில். அடுத்த கட்டத்தை நிரப்பிவிட்டு, "லிடியாவுக்கு நீயே சொல்லிடு. அடுத்தவங்க வாயால கேக்க வேண்டாம்" என்றான்.

ஆனால் லிடியா ட்ராஸ்க் அதற்குள் கேட்டுவிட்டாள்.

லிடியா அடுத்த வீடு. முப்பத்தொரு வருஷப் பழக்கம். நாலு வருஷத்துக்கு முன் புருஷன் இறந்தபிறகு அவள் கொல்லையில் ஆப்பிளும் சோளமும் கொட்ட ஆரம்பித்தாள். மான்களுக்குத் தீனி வைக்கக் கூடாது என்று மன்றம் சட்டம் போட்டது. அவள் வாளியைத் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். ஒவ்வொரு மானுக்கும் பேர் வைத்திருந்தாள். வறட்டுப் பிடிவாதத்தில் இரண்டு பெண்களும் ஒரே அச்சு என்று எமில் சொல்வான்.

வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் லிடியா நின்றாள். கையில் காலி வாளி.

"என்னடி கேள்விப்படறேன்?"

"சரியாத்தான் கேள்விப்பட்டிருப்ப."

"என் கண்ணுக்கு எதிர்ல கொல்லப் போறீங்களா?"

"உன் கண்ணுக்கு எதிர்லன்னுதான் உனக்குக் கோபமா, இல்ல கொல்றதுக்கா?"

"ரெண்டுக்கும்" என்றாள் லிடியா. "அதுங்களுக்குக் கருத்தடை ஊசி போடலாம், வேற காட்டுல கொண்டுபோய் விடலாம். எத்தனையோ வழி இருக்கு."

"இருக்கு. அதையும் பத்து வருஷமா பேசிட்டே இருக்கோம். பள்ளத்துக் காட்டைப் போய்ப் பாரு. நம்ம இடுப்புக்குக் கீழ ஒரு பச்சை இல்ல. ஒரு கன்னு முளைச்சு மரமாகி எத்தனை வருஷம் ஆச்சு? மார்ச் மாசம் குட்டிங்க விலாவை எண்ணலாம்."

"அதுக்குத்தான் நான் சோளம் போடறேன்."

"நீ போடறதாலதான் அதுங்க ரோட்டைத் தாண்டி வருது."

லிடியா வாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "சரி மிசஸ் ஹூடாக், உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஜாய்ஸை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜாய்ஸ் அன்று சாப்பிடவில்லை. ஆனால் கையெழுத்தை அழிக்கவும் போகவில்லை.

அதன் பிறகு ஊர் தன் வேலையைக் காட்டியது. தெருவில் வீட்டுக்கு வீடு "எங்கள் மான்களைக் கொல்லாதே" என்று பலகை நட்டார்கள். பதினாலு வீட்டில் எண்ணினான் எமில். வியாழக்கிழமை சர்ச் மண்டபத்தில் விற்பனைக்குக் கொழுக்கட்டை மாதிரியான பியரோகி பிடிக்கும் பெண்கள், ஜாய்ஸ் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக அடுத்த மேஜைக்கு மாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஜாய்ஸ் நீள மேஜையில் தனியாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வைத்து வைத்து இருநூற்று நாற்பது பியரோகிகளின் விளிம்பை அழுத்தி மூடினாள். வழக்கமாக அவள் பிடிப்பதைப்போல் இரண்டு மடங்கு. பாதிரியார் அந்தப் பக்கம் வந்தபோது, "இன்னிக்குக் கை வீசி வேலை செய்ய நல்லா இடம் கிடைச்சுது ஃபாதர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஒரு காலையில் அவர்கள் தபால் பெட்டியில் சிவப்புப் பெயின்டில் யாரோ கையைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜாய்ஸ் அதைத் துடைக்கவில்லை. தபால்காரர் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "அளவு பாத்துட்டு இருக்கேன்" என்றாள் ஜாய்ஸ். "சின்னக் கை. நம்ம பஸ்ல வந்த கையாத்தான் இருக்கும். வருஷா வருஷம் சீட்டுல சூயிங்கம்மை ஒட்டிட்டு இறங்கும்."

செப்டம்பர் கூட்டத்தில் திட்டத்தைக் கைவிடச் சொல்லி மனு வந்தது. பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒருத்தி மான்குட்டியின் பெரிய படத்தைத் தூக்கிக் காட்டி அழுதாள். ஒருவர், மான்கள்தான் முதலில் இங்கே இருந்தன, நாம்தான் வந்தேறிகள் என்றார். அவர் வீடு போன வருஷம்தான் காட்டை வெட்டிக் கட்டியது. ஜாய்ஸ் எழுந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து யாரோ "கொலைகாரி" என்றார்கள்.

"சத்தமா சொல்லலாம், எனக்குக் காது கேக்கும்" என்றாள் அவள். மண்டபம் அடங்கியது. "போன வருஷம் இந்த ஊர் ரோட்டுல நூத்திப் பன்னெண்டு மான் செத்துது. நீங்களும் நானும் அடிச்சதுதான். அதுக்கு யாரும் மனு போடல. படம் தூக்கல. ஏன்னா நீங்க எந்திரிக்கறதுக்குள்ள லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுது. சாகறது உங்களுக்குப் பிரச்சினை இல்ல. அதைப் பாக்கறதுதான் பிரச்சினை. நான் பாக்கறேன்னு சொல்றேன். என் கொல்லையில, என் ஜன்னலுக்கு எதிர்ல. உங்களை யாரும் பாக்கச் சொல்லல." இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்தது. "மீதி நேரத்தை அழுதவங்களுக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மனு தோற்றது. மறுபடியும் நாலுக்கு மூன்று.

ஜாய்ஸின் கொல்லைக்கு மன்றம் அனுப்பிய வில்லாளி கர்ட்டிஸ் போலன். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் உலைகளைப் பழுது பார்ப்பவன், ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டான். பள்ளத்து விளிம்பில் ஒரு ஓக் மரத்தில் பரண் கட்டினான். "பக்கத்துல வந்தாத்தான் அம்பு விடுவேன். சந்தேகமா இருந்தா விடவே மாட்டேன், மிசஸ் ஹூடாக்" என்றான். மூன்று சனிக்கிழமை ஏறி உட்கார்ந்து, மூன்று சனிக்கிழமையும் சும்மா இறங்கினான்.

நாலாவது சனிக்கிழமை தெருவில் பதினொரு பேர் அட்டைகளோடு நின்றார்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் பாத்திர மூடிகளைத் தட்டினார்கள். மெக்கார்வி என்ற போலீஸ்காரர் வந்து, வேட்டையைக் கலைப்பது குற்றம், வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அவரும் அங்கேயே நின்றுகொண்டார்.

ஏழரை மணி இருக்கும். ஜாய்ஸ் கூட்டத்தில் சொன்னபடி சமையலறை ஜன்னலில் நின்றாள். பெண்மான் ஒன்று பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. நின்றது. அம்பு போன சத்தம்கூடக் கேட்கவில்லை; ஏதோ ஈ கடித்ததுபோல் அது துள்ளிற்று, ஓடிற்று. நேரே வேலிச்செடியைப் பிளந்துகொண்டு லிடியாவின் புல்தரையில் பத்தடி போய், பறவைகள் குளிக்கும் கல்தொட்டிக்குப் பக்கத்தில் முன்னங்கால் மடிந்து விழுந்தது. பிறகு அசையவில்லை. ஜாய்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை.

கர்ட்டிஸ் பரணிலிருந்து இறங்கி வேலியோரம் வந்து தொப்பியைக் கழற்றினான். லிடியா கொல்லை வாசலில் ஸ்வெட்டரைப் போர்த்தியபடி நின்றிருந்தாள்.

"மன்னிக்கணும் மேடம். எடுத்துக்க உங்க அனுமதி வேணும்."

"தர மாட்டேன்."

"இன்னிக்கு வெயில் ஏறும். சீக்கிரம் எடுக்கலன்னா கறி கெட்டுடும். ஏழைங்களுக்கான உணவு வங்கிக்குப் போக வேண்டியது."

"என் தரையில ஒரு அடி வெச்சா பாருங்க."

கர்ட்டிஸ் தெருவிலிருந்து வந்த மெக்கார்வியைப் பார்த்தான். மெக்கார்வி தலையை ஆட்டினார். "அவங்க இடம். அவங்க சொன்னாத்தான்."

அரை மணி ஆயிற்று. தெருவில் நின்றவர்கள் லிடியாவின் வேலியோரம் வந்துவிட்டார்கள். ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெயில் கல்தொட்டியைத் தொட்டபோது ஈக்கள் வந்தன.

ஜாய்ஸ் கார் கொட்டகைக்குள் போய், பனியில் சறுக்குகிற பச்சைப் பிளாஸ்டிக் வண்டியையும் கயிற்றையும் எடுத்து வந்தாள். வேலிச்செடியில் மான் போட்ட வழியாகவே உள்ளே நுழைந்தாள். "ஜாய்ஸ், வேண்டாம்" என்றார் மெக்கார்வி. அவரும் அவள் பஸ்ஸில் வந்தவர்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லிடியா அதற்குள் மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அதன் கழுத்தில் கை வைத்திருந்தாள்.

"இது பேர்ல்" என்று தான் வைத்த பேரைச் சொன்னாள்.

"தெரியும். காது கிழிஞ்சிருக்கே."

"போன குளிர்ல தலையில ஜாடி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுது. ரம்பத்தால அறுத்து எடுத்தோம்."

"நீ பிடிச்சுக்கிட்ட, நான் அறுத்தேன். என்னை உதைச்ச இடம் இன்னும் வலிக்குது."

"அப்புறம் எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?"

வண்டியை மானின் முதுகுப்பக்கம் வைத்துவிட்டு ஜாய்ஸும் குனிந்தாள். "மனசு வரல. கையெழுத்துதான் போட்டேன். இது ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது லிடியா. மில் ரோட்டுல நான் நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். அன்னிக்கு உன்கிட்ட வந்து சொன்னேன். ஐயோ பாவம்னு சொல்லிட்டு நீ டீ போட்டுக் குடுத்த. ஞாபகம் இருக்கா?"

லிடியாவின் முகம் சிவந்தது. "வெளிய போ."

"போறேன். இதையும் எடுத்துட்டுத்தான் போவேன். ஈ மொய்க்க விடறதுதான் அதுக்கு நீ பண்ற மரியாதையா?"

"எடுத்தா கேஸ் போடுவேன்."

"போடு."

ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஜாய்ஸ் கால்களைப் பிடித்துப் புரட்டினாள். பாதிதான் வண்டியில் ஏறிற்று. மூச்சு வாங்கியது. மறுபடி குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வேலியோரம் நின்ற பதினொரு பேரும் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை, யாரும் கத்தவுமில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். வண்டி இரண்டடி நகர்ந்து, புல்லில் கிடந்த ரப்பர் குழாயில் முட்டிக்கொண்டு நின்றது. லிடியா எழுந்து வந்தாள். குனிந்து குழாயை இழுத்து அந்தப் பக்கம் போட்டாள். வழி விட்டாளா, தன் குழாயைக் காப்பாற்றிக்கொண்டாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

வேலியின் இந்தப் பக்கம், முட்டி வலிக்காரனான எமில் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தான். கயிற்றின் நுனியை அவன் பிடித்துக்கொண்டான். ஜாய்ஸ் தன் நிலத்தில் காலை வைத்ததும் மெக்கார்வி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"பேர் தெரியும்ல, எழுதுப்பா" என்றாள் அவள்.

கர்ட்டிஸ் கொட்டகையில் மானை அறுத்துச் சுத்தம் செய்தபோது ஜாய்ஸ் பக்கத்திலேயே இருந்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து அவன் வண்டி போனபிறகு, துணி துவைக்கும் அறைக்குப் போய் இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் சத்தத்தில் அழுதாள். தான் செய்தது தப்பு என்று அழவில்லை. பேர்லுக்காக அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கர்ட்டிஸுக்குப் போன் செய்து அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னாள்.

லிடியா சொன்னபடி கேஸ் போட்டாள். வராதே என்ற பிறகும் அடுத்தவர் நிலத்தில் நுழைகிற குற்றத்துக்குப் பென்சில்வேனியாச் சட்டத்தில் இருக்கும் பேரே 'எதிர்த்து நின்று அத்துமீறல்' என்பது. எமில் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "உன்னைப் பாத்துட்டு எழுதின சட்டம் மாதிரி இருக்கே" என்றான்.

டிசம்பரில் ஜாய்ஸ் நீதிபதிக்கு முன்னால் நின்றாள். பின்வரிசையில் லிடியா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா, மிசஸ் ஹூடாக்?"

"ஒத்துக்கறேன். அடுத்த வருஷமும் அங்க மான் விழுந்தா அடுத்த வருஷமும் எடுப்பேன். இப்பவே சேர்த்து எழுதிக்கிட்டா உங்களுக்கும் ஒரு நாள் மிச்சம்."

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் நீதிபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அபராதத்தைக் கட்டச் சொன்னார். கட்டினாள்.

அந்த வேட்டைப் பருவத்தில் அவள் கொல்லையிலிருந்து ஒன்பது பெண்மான்கள் போயின. அதனால் ஊர் மாறிவிடவில்லை. அடுத்த கோடை வரைக்கும் கணக்குப் பார்த்ததில் சாலையில் நூற்று நாலு மான்கள் செத்திருந்தன. எதிர்த்தவர்கள், எட்டு குறைந்ததற்கா இத்தனை ரத்தம் என்றார்கள். ஆதரித்தவர்கள், ஒரே ஒரு கொல்லையாலேயே எட்டு குறைந்ததே என்றார்கள். பள்ளத்துக் காடு பச்சையாகவில்லை. வியாழக்கிழமை மேஜைக்கு மட்டும் இரண்டு பெண்கள் மாவோடு திரும்பி வந்தார்கள்; காரணம் சொல்லவில்லை, ஜாய்ஸும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் மறுபடி கையெழுத்துப் போடப் போனாள். தாளில் அவளுக்கு முன்னாலேயே மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒன்று பல் டாக்டர். வாசலில் அவரையே பார்த்தாள்.

"வீட்ல நாய் இருக்குன்னீங்களே டாக்டர்?"

"கட்டி வெக்கலாம்னு இருக்கேன்" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"நல்லது. வீட்டு முன்பக்கத்துல பலகை நடறதுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைங்க. அக்கம்பக்கத்துக்காரங்க வருவாங்க."

வீட்டுக்கு வந்தபோது லிடியா வேலியோரம் இருந்தாள். மான் பிளந்த இடத்தில் புதுச் செடி நட்டு, சுற்றிலும் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தாள். மான்கள் தின்றுவிடாமல் இருக்க. ஜாய்ஸ் அந்த வலையைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"மறுபடியும் போட்டியா?" என்றாள் லிடியா, கம்பியை முறுக்கியபடி.

"போட்டேன்."

"நானும் அட்டையோட நிப்பேன்."

"நில்லு. ஆனா என் காருக்கு வழி மறிச்சு நிக்காத. எமிலை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"மறிச்சுத்தான் நிப்பேன்."

"ஹாரன் அடிப்பேன்."

"அடி. இருபத்தாறு வருஷம் அடிச்ச ஹாரன்தானே" என்று சொல்லிவிட்டு, லிடியா சோள வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

ஜாய்ஸ் சமையலறைக்குப் போய் நாள்காட்டியில் அக்டோபரைப் புரட்டினாள். எமிலின் டாக்டர் நாளைத் தவிர்த்துவிட்டு, மிச்சமிருந்த சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டாள்.